புள்ளித்தாளில் இல்லாதவர்கள்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தத்தைப் பற்றியும் பிரஷரைப் பற்றியும்தான் சொல்வார் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது கூடைப்பந்தாட்டம் பற்றி.

ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்கு இது புதிதல்ல. 2019 இல் ரொறன்ரோ ரப்டேர்ஸ் அணி என்.பி.ஏ. கிண்ணத்தை வென்றது. கனடாவிலுள்ள அணியொன்று அதை வென்றது அதுவே முதற்தடவை. நாங்கள் கிரிக்கெட்டுக்குச் சண்டை பிடித்த மாதிரி அங்கே எங்கள் பிள்ளைகள் இதற்குச் சண்டை பிடிக்கிறார்கள். தகப்பன் மைக்கல் ஜோர்டானே பெரியவர் என்பார்: ஆறு தடவை இறுதிச் சுற்றுக்குப் போனார், ஆறு தடவையும் வென்றார். மகன் லெப்ரோன் ஜேம்ஸ் என்பான்: கரீம் அப்துல் ஜபாரின் 38,387 புள்ளிகளை 2023 இல் தாண்டியவர். இருவர் சொல்வதும் உண்மை. வழக்குத்தான் முடியாது.

முடியாததற்கு ஒரு காரணம் மூளையில் இருக்கிறது. முதியவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே அதிகம் வரும் என்று உளவியலாளர் கண்டிருக்கிறார்கள். பதினாறு வயதில் யாரைப் பார்த்து வாய்பிளந்தோமோ அவரே எங்களுக்குக் கடைசிவரை பெரியவர். மற்றக் காரணம் எழுத்து. யாரோ எழுதி வைத்ததைத்தான் பின்னால் வருபவர்கள் ஒப்பிடலாம்.

வில்ற் சேம்பர்லெயின் 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவில் ஹேர்ஷி என்ற சிறிய ஊரில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். இன்றுவரை அதை ஒருவரும் எட்டவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் படச்சுருள் இல்லை. தொலைக்காட்சி வரவில்லை. பார்த்தவர்கள் கணக்குப்படி 4,124 பேர். பார்த்தோம் என்று பிறகு சொன்னவர்கள் எத்தனையோ மடங்கு என்பார்கள். எஞ்சியிருப்பது வானொலி ஒலிப்பதிவில் ஒரு பகுதி, புள்ளித்தாள், ஒரு வெள்ளைத்தாளில் 100 என்று எழுதிக் கையில் பிடித்தபடி அவர் இருக்கும் ஒரு புகைப்படம். அந்தத் தாளில் அவசரமாக எழுதிக் கொடுத்த மனிதருக்கு நான் நன்றி சொல்வேன்.

அதே காலத்தில் பொஸ்ரன் அணியின் பில் ரஸல் பதின்மூன்று பருவங்களில் பதினொரு கிண்ணம் வென்றார். அவருடைய திறமை எதிரணியின் பந்தை வானத்தில் வைத்தே மறிப்பது. எத்தனை பந்து மறித்தார்? சொல்ல முடியாது. என்.பி.ஏ. அதை எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். ரஸல் 1969 இலேயே ஓய்வுபெற்றுவிட்டார். வார்ட்டில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதற் பாடம், பெட் ஹெட் டிக்கெட்டில் எழுதாத மருந்து கொடுக்காத மருந்து என்பது. ரஸலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிக்கெட் ஞாபகம் வரும்.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் லினெற் வூடார்ட் 1981 இல் விளையாடி முடித்தபோது 3,649 புள்ளிகள் எடுத்திருந்தார். மூன்று புள்ளிக் கோடு அப்போது கிடையாது. பந்தும் ஆண்களுடைய பெரிய பந்து. ஆனால் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்குச் சம்பியன் போட்டி நடத்தத் தொடங்கியது 1981-82 பருவத்திலே. அதற்கு முந்தியவர்களின் புள்ளிகள் அதன் சாதனைப் புத்தகத்தில் ஏறவில்லை. 2024 பெப்ரவரியில் கெய்ற்லின் கிளார்க் 3,527 ஐத் தாண்டியபோதே புதிய சாதனை என்று கொண்டாடினார்கள். வூடார்டின் தொகையைத் தாண்ட அவருக்கு மேலும் இரண்டு கிழமை எடுத்தது. கிளார்க் 3,951 உடன் முடித்தார். சிறிய கல்லூரியில் விளையாடிய பேர்ள் மூரின் 4,061 இன்னும் மேலே நிற்கிறது. கிளார்க்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் விளையாடுவதைப் பார்க்க நித்திரை முழித்திருக்கிறேன்.

கூடைப்பந்தாட்டத்தை இங்கிலாந்தில் பெண்களுக்காக மாற்றியபோது பிறந்ததுதான் எங்கள் வலைப்பந்தாட்டம். அதில் எங்களுக்கும் ஒரு பெரியவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணியோடு 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணம் வென்றார். யாரைக் கேட்டாலும் அவருடைய உயரத்தைத்தான் முதலில் சொல்வார்கள், ஆறடி பத்து அங்குலம் என்று. அந்த உயரத்துக்குப் பந்தைச் சரியாக எறிந்தவர்கள் யார் என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். கோல் போட்டவருக்குத் தாளில் ஒரு கோடு விழும். பந்து கொடுத்த சென்ரருக்கும் மறித்த கோல் கீப்பருக்கும் எங்கள் பள்ளிக்கூடப் புள்ளித்தாளில் ஒன்றும் விழுந்ததில்லை.

அந்தத் தாள்களும் இப்போது இல்லை. 1995 இல் ஊரோடு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது விளையாட்டு அறை அலுமாரி வெறுமையாக இருந்தது. ஆகவே இந்தப் பள்ளிக்கூடத்தின் சிறந்த ஷூட்டர் யார் என்று ஒவ்வொரு வகுப்பும் தங்கள் ஆளையே சொல்லும், மறுக்க எவரிடமும் தாள் இல்லை. எங்கள் வகுப்பின் கோல் கீப்பர் ஒரு அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் இரண்டு பந்து மறித்தார். அன்று மைதானத்தில் நின்றவர்களில் எட்டுப் பேர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறோம். அது இருப்பது எங்கள் எட்டுத் தலைகளுக்குள் மட்டும்.

வெளியே மேசையில் அணிப் படங்கள் இருபத்தெட்டு வைத்திருக்கிறோம். சிட்னியிலிருந்தும் லண்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நீங்கள் அனுப்பியவை. பத்தொன்பது படங்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. தெரிந்த பெயரை எழுதுங்கள், வருடத்தையும் விளையாடிய இடத்தையும் சேர்த்து எழுதுங்கள், முக்கியமாக ஓரத்தில் நிற்கும் மாற்று ஆட்டக்காரர்களை. பென்சில் வைத்திருக்கிறேன். தயவுசெய்து பேனையால் எழுத வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.