மறுமுறை வரும் கொடையாளர்

(நமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரத்த தானம் குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் மருத்துவம் கற்றவனல்லன்; இரயில்வே குமாஸ்தா. ஆயினும் முகாம்களில் கண்டதும் படித்தறிந்ததும் சில உண்டு.

2020 ஆகஸ்டு 7-ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில், கரிப்பூரில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்து பிளந்ததை நாம் மறந்திரோம். கொரோனாவுக்கு அஞ்சி மக்கள் வீட்டினுள் ஒடுங்கியிருந்த காலம் அது. எனினும் அன்றிரவே கோழிக்கோட்டில் இரத்தம் கொடுக்க மக்கள் வரிசையாக நின்றனர். மலபார் மண்ணுக்கு அது பெருமை. ஆனால் அத்தகைய வரிசையில் முதன்முறை நிற்பவர், நான்கு மாதங் கழித்து, விபத்து ஏதுமில்லாத ஒரு சாதாரண நாளில் மீண்டும் வருவாரா? இதுவே என் கேள்வி.

இரத்தத்தை நெடுநாள் சேர்த்துவைக்க இயலாது. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 35 முதல் 42 நாள் நிற்கும். தட்டணுக்களுக்கு ஆயுள் 5 நாளே. அட்டப்பாடியில் அரிவாள் செல் நோயால் வருந்தும் ஆதிவாசி மக்களுக்கோ, மகப்பேற்றில் குருதியிழக்கும் தாய்க்கோ எந்த நாளில் தேவை எழும் என்று யார் அறிவார்? இடுக்கி மாவட்டத்தில் இரயில் பாதையே கிடையாது. அங்குள்ள தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பத்துக்கு அவசரம் நேரின் மலைச்சாலையே கதி. அவர்கள் மருத்துவமனையை அடையுமுன்பே இரத்தம் அங்கு இருந்தாக வேண்டும். காசுக்கு இரத்தம் கொடுக்கும் வழக்கமும் உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது.

மறுமுறை வரவிடாமல் தடுப்பது எது? ஊசியச்சம் என்பர். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1954 முதல் 2018 வரை 1173 முறை கொடுத்தார், பெரும்பாலும் பிளாஸ்மா. ஊசி குத்தும்போது மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்! ஆகவே அச்சத்தைவிட, முதல் நாளில் நேரும் தலைச்சுற்றலே பெரிய தடை. கொடுக்குமுன் அரை லிட்டர் தண்ணீர் அருந்துவதும், கொடுக்கையில் கால் தசைகளை இறுக்கித் தளர்த்துவதும் மயக்கத்தைக் குறைக்கும் என ஆய்ந்து கண்டுள்ளனர். இதனைப் பக்கத்திலிருந்து சொல்ல ஓர் ஆள் போதும்.

ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைந்தால் கொடுக்க இயலாது. நம் பெண்மக்களிற் பலர் இவ்வாறு திரும்புகின்றனர். காரணம் சொல்லாமல் அனுப்பப்பட்டவர் தமக்கு ஏதோ பெருநோயென்று கலங்கிப் பின்னர் அப்பக்கமே எட்டிப் பாரார். மருத்துவரைக் கண்டு இரும்புச்சத்து ஏறியபின் வாருங்கள் என்று சொன்னால் அவர் நிச்சயம் வருவார்.

மாலை, மேடை, போட்டோ எல்லாம் முகாமன்று உண்டு, மறுநாள் கேட்பாரில்லை. ஸ்வீடன் நாட்டிலோ, ஒருவர் கொடுத்த இரத்தம் நோயாளிக்குப் பயன்பட்டதும் அவர் கைப்பேசிக்குச் செய்தி போகின்றது. சான்றிதழ் பரணுக்குப் போய்விடும். இச்செய்தியை எவர் மறப்பார்?

ஸ்வீடன் வரை போக வேண்டாம். சீசன் டிக்கெட் முடியும் தேதியைக் குறித்துவைப்பவர்கள் நாம். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. கொடுத்தவர் பெயரும் தேதியும் குறிக்க ஒரு நோட்டு வாங்கியிருக்கின்றேன். நாள் வந்ததும் சங்கத்தார் ஒருவர் அவர் வீட்டுக்கே சென்று அழைப்பார். முதன்முறை வருபவருடன் கூடவே செல்வார். கலை நிகழ்ச்சிகள் முடியும்வரை நோட்டு வாயில் மேசையில் இருக்கும்.