கண்ணும் காவலணுவும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



யாம் மருத்துவர் அல்லேம், இலக்கணம் கற்பிப்பேம். ஆயினும், மாணவன் ஒருவன் எழுப்பிய வினாவுக்கு விடை தேடிக் கற்றவற்றை ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

பிரான்சு நாட்டில் 1809-ல் பிறந்த லூயி பிரெயில், மூன்றாம் வயதில் தந்தையாரின் தோற்பட்டறையில் கூர்ங்கருவி பாய்ந்து ஒரு கண்ணைப் புண்படுத்திக்கொண்டார். ஐந்து வயதிற்குள் இரு கண்ணும் இருண்டன. புண்படாத கண் கெட்டது எவ்வாறு என்பதே அவன் வினா. ஒரு கண்ணின் காயம் மறுகண்ணில் எழுப்பும் அழற்சியே அது எனப் பலர் கருதுவர்.

குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் டி அணு ஒருவகை. அதன் மேற்புறத்தே ஏற்பிகள் உள. ஏற்பியைப் பூட்டாகவும் புரதத் துணுக்கைத் திறவுகோலாகவும் கொள்க. பொருந்தினாலன்றி அணு போருக்கு எழாது. தன் உடலையே பகையெனக் கொள்ளும் அணுக்கள் தைமசுச் சுரப்பியிலேயே பெரும்பாலும் அழிக்கப்படும், சில தப்பிவிடும். கண்ணின் புரதங்களோ அவற்றின் பார்வைக்குப் பெரிதும் மறைந்துள்ளன. காயத்தால் அவை வெளிப்பட, தப்பிய அணு கண்டு, பெருகி, குருதிவழி செல்லும். இடக்கண், வலக்கண் என்னும் வேற்றுமையை ஏற்பி அறியாது.

காயமின்றியும் இது நிகழும். எச்.எல்.ஏ. பி27 என்னும் பிறவிக்கூறு உடையார்க்கு முன்கண் அழற்சி மிகுதி என்பது 1973 முதல் அறிந்ததே. அத்தகையோரின் டி அணு ஏற்பிகளுட் சில, நுண்ணுயிர்த் துணுக்கையும் உடலின் சொந்தத் துணுக்கையும் ஒருங்கே பற்றுதலை 2022-ல் கண்டறிந்தனர். எம்போன்றோர்க்கு இது சிலேடையாகத் தோன்றும். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இக்கூறு உடையாருள் மிகப் பலர்க்கு நோயே வருவதில்லை. ஆகலின், மணம் பேசுங்கால் இதனைக் குறையாக எடுத்தல் பேதைமை.

எம் உறவினர் ஒருவர்க்குக் கண் சிவந்தது, நோவு மிகுந்தது, வெளிச்சம் கூசிற்று. ஊரில் பரவும் கண்வலியென்று எண்ணி நந்தியாவட்டைச் சாறு பிழிந்து பத்து நாள் போக்கினார். அதற்குள் கண்மணியின் விளிம்பு உள்வில்லையோடு ஒட்டிக் கோணிவிட்டது. பின்னர் மருத்துவர் ஸ்டீராய்டுச் சொட்டும் கண்மணியை விரிக்கும் சொட்டும் இட்டார். பார்வை ஓரளவே மீண்டது. அச்சொட்டையும் தாமே கடையில் வாங்கி இடலாகாது. கண்ணழுத்தம் ஏறிப் பிறிதொரு கேடு விளையும்.

ஈராண்டு கழித்து அவர்க்கு மறுகண் சிவந்தது. அன்று மாலையே மருத்துவரிடம் சென்றார். அக்கண் இன்றும் தெளிவாக உள்ளது.