பேசாத பிள்ளையும் பெற்றவள்மேல் பழியும்

 

பள்ளிச் சேர்க்கைக்காகச் சிதம்பரத்தை அடுத்த ஓர் ஊரில் வீடு வீடாகச் சென்றபோது, ஒரு வீட்டின் பின்புறத்தில் 6 வயதுச் சிறுவனைக் கண்டோம். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை. ஒரு தட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "இவள் நடவுக்குப் போய்விட்டாள், பிள்ளையிடம் பேச ஆளில்லை, அதனால்தான் இப்படி" என்றார் பாட்டி. தாய் தலைகுனிந்து நின்றார்.

இப்பழி நம் தெருவில் பிறந்ததன்று. 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளிடம் இந்நிலையைக் கண்டு விவரித்தார். அதுவே ஆட்டிசம். பின்னர் அந்நாட்டு அறிஞர் சிலர், தாயின் அன்பின்மையே காரணம் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினர். படித்தவர்களும் நம் பாட்டியும் ஒன்றையே சொன்னார்கள்!

1977-இல் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், இது பிறப்பு வழியே வருவதற்குச் சான்று காட்டினர். பிறகு மூளையின் குருதியோட்டத்தைப் படமெடுக்கும் கருவிகளும் வந்தன. நடவு நடக்கும் வயலுக்கு வாய்க்காலைத் திருப்புவதுபோல, மூளையில் வேலை மிகுந்த பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாயும். 2000-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், ஆட்டிசமுள்ள 21 குழந்தைகளை, ஆட்டிசமின்றி அறிவு வளர்ச்சி மட்டும் குன்றிய 10 குழந்தைகளோடு ஒப்பிட்டனர். முன்னவர்க்கு, இருபுறமும் நெற்றிப் பொட்டுக்கு உள்ளே அமைந்த பகுதியில் குருதியோட்டம் குறைந்திருந்தது. பிறர் குரலையும் பார்வையையும் உணர்வதில் பங்கு கொள்ளும் பகுதி அது. அதே ஆண்டில் ஜப்பானியர் ஆய்வும் இதனையொத்த முடிவையே கண்டது.

இளைஞர்களே, இங்கேதான் புதிய ஏமாற்றும் நுழைகிறது. குறைந்த குருதியை மருந்தால் கூட்டிவிடலாம் என்பார்கள். வேலை நடவாததால் நீர் குறைந்ததா, நீர் குறைந்ததால் வேலை நின்றதா என்பதே இன்னும் தீர்ந்தபாடில்லை! அப்படங்கள் ஒரு கூட்டத்தின் சராசரியைக் காட்டின. ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் உண்டா என்பதை மருத்துவர்கள் நடத்தையைக் கண்டே முடிவு செய்கிறார்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்திற்குப் பரிந்துரைக்கலாகாது எனத் தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் கூறியுள்ளது. தாலியை அடகு வைத்துவிட்டு வராதீர்கள்.

அச்சிறுவனுக்கு வேண்டியவை பேச்சுப் பயிற்சியும் பொறுமையுள்ள ஆசிரியரும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு என்று சான்று கிடைத்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி அவன் உரிமை. பள்ளி வாயிலில் திருப்பியனுப்பப்படுவது எத்தகையது என்பதை, சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளி கண்ட இவ்வூரில் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உள்ளது. அத்தாய் தனியே போக அஞ்சுகிறார். உடன் செல்ல இருவர் தேவை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.