மணவறைக்கு அப்பால்



நமது பத்திரிகைகளில் வெளியாகும் மரண அறிவித்தல்களை நாள்தோறும் பார்க்கின்றோம். அங்கே அச்சாகும் படங்களைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும. ஒரு தாயின் முகம். அவரது தோளின் ஓரத்தில் வேறு யாருடையதோ பட்டுச் சேலைக் கரை. ஒரு பெரியவரின் முகம். அவரது காதருகில் யாரோ ஒருவரின் மாலைப் பூ. இவை தனியே எடுத்த படங்கள் அல்ல. ஏதோ ஒரு திருமணத்திலே கூட்டமாக நின்று எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்குப் படம் தேடும் வீட்டிலே முதலில் திறக்கப்படுவது கலியாண அல்பந்தான்.

ஆகவே, திருமணப் படம் என்பது மணமக்களுடைய படம் மாத்திரம் அன்று. ஒரு குடும்பத்தின், ஓர் ஊரின் முகப் பதிவேடாகவும் அது அமைந்து விடுகிறது. அந்தப் பதிவேட்டில் யார் யார் இடம்பெறுகின்றனர், யார் யார் விடுபட்டுப் போகின்றனர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும்.

கல்லூரியில் தமிழ் கற்பிப்பது என் தொழில். முகூர்த்த நாட்களில் கமராவும் கையுமாக மணவீடுகளுக்குப் போவது என் இரண்டாவது தொழில். 2002 ஆம் ஆண்டு ஏ-9 பாதை திறந்தபோது நான் பல்கலைக்கழக மாணவன். புலம்பெயர்ந்த உறவினர்கள் ஊருக்கு வந்து திருமணங்களை நடத்திய காலம் அது. ஊரிலிருந்த ஸ்ரூடியோ ஒன்றுக்கு உதவியாள் தேவைப்பட்டது. பிளாஷைப் பிடிப்பதும் பிலிம் மாற்றிக் கொடுப்பதுமாகத் தொடங்கிய வேலை, பின்னர் படம் எடுப்பதாக வளர்ந்து இன்றுவரை தொடர்கிறது.

அக்காலத்து முறை யாவரும் அறிந்ததே. ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படங்கள். ஒரு திருமணத்துக்கு நான்கைந்து சுருள்கள். ஒவ்வொரு படத்துக்கும் காசு. எனவே எதை எடுப்பது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும். மாப்பிள்ளைக்குத் தலைப்பா வைத்தல், கன்னிகாதானம், தாலி கட்டு, அம்மி மிதித்தல், பிறகு உறவினர் வரிசை. தாலி கட்டும் வேளையில், "அப்படியே பிடியுங்கோ, இஞ்சாலை பாருங்கோ" என்று படம் எடுப்பவர் சொல்வார். மணமகன் தாலியைக் கழுத்தருகே பிடித்தபடி கமராவைப் பார்ப்பார். கெட்டிமேளமும் அதற்காகக் காத்து நிற்கும்!

இப்பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1839 ஆம் ஆண்டு புகைப்படக் கலை உலகுக்கு அறிமுகமானபோது ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் சென்றன. அசைந்தால் முகம் கலங்கிவிடும். தலை ஆடாதிருப்பதற்காகப் பின்னாலே இரும்புத் தாங்கி வைத்துப் படம் எடுத்த ஸ்ரூடியோக்களும் இருந்தன. அசையாது நிற்றல் கருவியின் தேவையாக இருந்தது. கருவி மாறிய பின்னரும் பழக்கம் மாறவில்லை.

கருவியை மாற்றியது ஜேர்மனியில் தோன்றிய லெயிக்கா என்ற சிறு கமரா. சினிமாப் பிலிமையே பயன்படுத்தும் இக்கமரா 1925 ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அறிமுகமாயிற்று. கைக்குள் அடங்கியது, ஓசை குறைந்தது. இத்தகைய சிறு கமராக்களின் வரவோடு, படம் எடுக்கப்படுவது தெரியாத வேளையிலே மனிதரைப் படம் எடுக்கும் முறை வளர்ந்தது. எரிக் சலமன் என்பவர் 1930 ஆம் ஆண்டு ஹேக் நகரில் நடந்த மாநாட்டில், நள்ளிரவு கடந்தும் பேசிக் களைத்து நாற்காலிகளில் சாய்ந்து கிடந்த அமைச்சர்களைப் படம் எடுத்தார். பிரான்ஸ் நாட்டவரான கார்த்தியே பிறெசோன் தமது கமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு, பிளாஷ் இன்றித் தெருக்களில் உலவினார். இவர்களைப் பின்பற்றிய பத்திரிகைப் படப்பிடிப்பு முறை, பின்னாளில் மேலைநாட்டு மணவீடுகளுக்குள்ளும் நுழைந்தது. இன்று நமது இளைஞர் 'கன்டிட்' என்று அழைப்பது இதனையே. இயல்புநிலைப் படப்பிடிப்பு என்று நாம் சொல்லலாம்.

நேயர்களே, இந்தப் பார்வை தமிழுக்குப் புதியது அன்று என்பதே என் எண்ணம். அகநானூற்றின் 86 ஆம் பாட்டு நல்லாவூர் கிழார் பாடியது. தன் திருமண நாளை மணமகனே நினைந்து தோழியிடம் சொல்வதாக அமைந்தது அது. சொல்பவன் மணமகன். ஆயினும், தான் எதை உடுத்தினான், எதை அணிந்தான் என்பது பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் முதலில் நினைப்பது உழுந்தும் சோறும் பரிமாறப்பட்ட பந்தியை. பிறகு வரிசையாகக் கால் நட்ட பந்தரையும், அதிலே பரப்பிய புது மணலையும். அதன் பின்னர், தலையிலே குடமும் கையிலே அகன்ற கலமுமாக ஆரவாரித்துக்கொண்டு, முன்னே தரவேண்டியதையும் பின்னே தரவேண்டியதையும் முறைப்படி எடுத்துக் கொடுக்கின்ற முதிய பெண்கள் வருகிறார்கள். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் வாழ்த்தி நீராட்ட, அந்த நீரிலிருந்த பூவிதழும் நெல்லும் மணமகளின் கூந்தலிலே ஒட்டிக் கிடக்கின்றன.

ஈரக் கூந்தலில் ஒட்டிய நெல்! எந்தப் படப்பிடிப்பாளனும் மணமகளை அழைத்து, 'தலையில் நெல்லை வைத்துக்கொண்டு நில்' என்று சொல்லமாட்டான். பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு மாத்திரமே அது கிடைக்கும். இதே நூலின் 136 ஆம் பாட்டில் விற்றூற்று மூதெயினனார், புத்தாடைக்குள் புழுங்கிய மணமகளின் நெற்றியிலே துளிர்த்த வியர்வையைக் காட்டுகிறார். அந்த வியர்வையும் அத்தகையதே.

இதற்கு மாறாகச் சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலை நோக்குவோம். மணித் தூண்கள், நீல விதானம், முத்துப் பந்தர், மறைவழி நடத்தும் முதுபார்ப்பான், தீவலம், மங்கலப் பொருள்களை ஏந்தி வரும் மகளிர். ஊர் முழுவதும் காண நடந்த ஒரு விழாவின் காட்சி அது. நமது பெரிய அல்பத்தின் முதற் பக்கத்துக்கு ஒப்பானது. இளங்கோவடிகளுக்கு அது தேவை. அந்த உயரத்தைக் காட்டினாலன்றிப் பின்னே வரும் வீழ்ச்சியின் ஆழம் நமக்குத் தெரியாது. இரண்டும் வேண்டியனவே. வரிசைப் படம் வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை. மரண அறிவித்தலுக்கு முகம் கொடுப்பது அந்த வரிசைப் படமல்லவா! ஆனால், வரிசைக்கு வராதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அவர்களைக் காண வேண்டுமானால் தாலி கட்டும் நாளில் மாத்திரம் போனால் போதாது. பொன்னுருக்கும் நாளிலே போக வேண்டும். நெருப்பின் ஒளி முகங்களில் விழும் வேளை அது. பலகாரம் சுடும் நாளிலே போக வேண்டும். தாச்சியைச் சுற்றி அமர்ந்து பெரியம்மாவும் மாமியும் பழங்கதை பேசுவார்கள். அங்கே ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து, தேநீர் குடித்து, கமராவை மடியில் வைத்திருந்தால், பிறகு அவர்கள் கமராவை மறந்து விடுவார்கள். இயல்பான படத்தின் இரகசியம் வேகம் அன்று, பொறுமை.

மற்றொன்று, சடங்கு பற்றிய அறிவு. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவனே உரிய இடத்தில் முன்கூட்டி நிற்க முடியும். மணமகள் கூறை உடுத்தி வருவதற்காக உள்ளே போகும் இடைவேளையைக் கவனியுங்கள். எல்லாக் கமராக்களும் ஓய்வெடுக்கும். மணமகன் மணவறையில் தனியே இருப்பான். ஓமப் புகையில் கண் எரியும். தலைப்பாவின் கீழே வியர்வை வழியும். தோழன் சால்வைத் தலைப்பால் அதனை ஒற்றிவிட்டு ஏதோ சொல்லுவான், இருவரும் சிரிப்பார்கள். மூதெயினனார் கண்ட அதே வியர்வைதான்! கெட்டிமேளம் முழங்கும்போது, தாலியை எடுப்பதற்கு ஆள் இருக்கிறது என்றால், நான் பக்கவாட்டில் நின்று அறுகரிசி தூவும் கைகளையும் அவற்றுக்குப் பின்னாலுள்ள முகங்களையும் பார்ப்பேன்.

வடமராட்சியில் நடந்த ஒரு திருமணத்தை இங்கே சொல்ல வேண்டும். மணமகளின் தந்தை யுத்த காலத்தில் இறந்துவிட்டார். தாய் தனியாகத் தோட்டம் செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். கணவனை இழந்தவர் மணவறைக்கு வரலாகாது என்ற வழக்கம் நம்மிடையே பல வீடுகளில் இன்னும் நிற்கிறது. மாமனும் மாமியும் தாரை வார்த்துக் கொடுத்தனர். தாயைத் தேடினேன். குசினி வாசலில், கதவு நிலையைப் பிடித்தபடி, முன்னே நின்றவர்களின் தலைகளுக்கு இடையில் தெரிந்த சிறு இடைவெளி வழியாக அவர் மணவறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிளாஷ் இன்றி ஒரே ஒரு படம் எடுத்தேன்.

அந்தப் படத்தை அல்பத்தில் சேர்ப்பதற்கு முன்னர் அவரிடமே முதலில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விரும்பாவிட்டால் அது அல்பத்துக்குப் போகாது என்றும் சொன்னேன். நீண்ட நேரம் பார்த்திருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, இதைப் பிள்ளைக்குக் குடுங்கோ. நான் பாத்தனான் எண்டு அவளுக்குத் தெரியட்டும்."

அந்த மகள் தன் தாய் எங்கே நின்றார் என்பதை அன்று அறிந்திருக்கவில்லை. மணவறையில் இருப்பவருக்குப் புகையும் பூவும் ஐயரின் கையுந்தான் தெரியும். அல்பத்தின் ஏனைய படங்கள் அனைத்தும் அவருக்குத் தெரிந்ததையே திருப்பிக் காட்டின. இந்த ஒரு படம் தெரியாததைக் காட்டியது. அந்த வழக்கத்தின் கொடுமையையும் பேசாமலே பேசியது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஒருவர் அறியாமல் அவரைப் படம் எடுப்பது முறையா? கேட்க வேண்டிய கேள்விதான். அறியாமல் எடுப்பது வேறு. மதிப்புக் குறைய எடுப்பது வேறு. வாய் நிறையச் சோறோடு இருப்பவரை, சேலை விலகியிருப்பவரை, முகத்தை மறைத்து அழுபவரை எடுப்பது படக்கலை அன்று, களவு. அப்படி ஏதும் தவறிப் பதிவாகிவிட்டாலும் அதை அழித்துவிட வேண்டும். எடுத்த பின்னராவது கேட்பது கடமை. படத்தில் இருப்பவர் தம்மை அதிலே மரியாதையோடு காண வேண்டும். அதுவே உரைகல்.

இன்னொரு போக்கும் கவலை தருகிறது. "கமராவைப் பாக்காமல் சிரியுங்கோ, தற்செயலாகத் திரும்பினது போலத் திரும்புங்கோ" என்று சொல்லி, ஒரே சிரிப்பைப் பத்துத் தடவை சிரிக்கவைத்து எடுக்கின்றனர். இரும்புத் தாங்கி போய்விட்டது. அதன் இடத்தில் வாய்ச்சொல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். மேலே ட்ரோன் பறக்கிறது. மணவறையைச் சுற்றிப் படம் எடுப்பவரின் முதுகுகள் மதிலாக நிற்கின்றன. வாழ்த்த வந்தவர்கள் திரையில் திருமணம் பார்க்கிறார்கள். இயல்பு என்ற பெயரில் இயல்பு தொலைந்து போகிறது.

நமது மக்களுக்கு இது வெறும் அழகியல் பிரச்சினை அன்று. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோதும், 2009 இல் வன்னியின் இறுதிக் கட்டத்திலும், எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் அழிந்துபோயின. உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்த கை அல்பத்தையும் எடுக்க வேண்டும் என்று நினைத்தாலும் பாரம் விடவில்லை. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் உறவினருக்கு அனுப்பிய பிரதிகளே சில குடும்பங்களுக்கு எஞ்சின. ஊரிலிருந்த வீடு இல்லை. அந்த வீட்டு முற்றம் ஒரு திருமணப் படத்தின் பின்னணியில் இருக்கிறது. கிணற்றடி இருக்கிறது. பந்தலின் ஓரத்தில் திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த ஆச்சியும் இருக்கிறார். அன்று அவரை யாரும் படத்துக்கு அழைக்கவில்லை. "நான் படத்திலை விழுவன், தள்ளி நிக்கிறன்" என்று சொல்லித் தள்ளி நின்றவர் அவர்.

ஆதலால் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் திருமணத்துக்குப் படம் எடுக்க ஒருவரை அமர்த்தும்போது, மணவறைக்கு வராதவர்களின் படம் பத்தாவது வேண்டும் என்று சொல்லுங்கள். கிடாரத்தின் அருகே நிற்கும் சமையற்காரர், பூமாலை கட்டியவர், பந்தல் போட்டவர், பந்தியில் ஓடித்திரிந்த அயல்வீட்டுப் பிள்ளை, கதவுக்குப் பின்னால் நிற்கும் தாய். இப்போது ஒரு திருமணத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றில் பத்துப் படங்கள் பெரிய செலவன்று. தொலைபேசியில் இருப்பவை தொலைபேசியோடு போய்விடக்கூடும்; சிலவற்றையேனும் கடதாசியில் அச்சிட்டு வையுங்கள்.

இறுதியாக ஒன்று. படத்தின் பின்புறத்தில் அவர்களுடைய பெயர்களை எழுதுங்கள். ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். நல்லாவூர் கிழாரின் பாட்டிலே குடம் சுமந்து வந்த அந்த முதிய பெண்களை நாம் இன்றும் காண்கிறோம். ஆனால், அவர்களின் பெயர்களை அறிய நமக்கு வழியில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் பெயரைக் கேட்டு எழுதுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.