சக்கரம் இல்லாத விமானம்

(எமது சங்க இளைஞர் கூட்டத்தில், நாம் செய்த மாதிரி விமானத்தைக் காட்சிக்கு வைத்தபோது நிகழ்த்திய உரை)



மேசைமீதுள்ள இச்சிறு விமானத்தைக் கண்டு, "இது எத்தனை நாள் வேலை?" எனப் பலரும் வினவினீர்கள். வெள்ளவத்தையைச் சேர்ந்த இருவரும் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த இருவருமாக நாம் நால்வர், ஞாயிறுதோறும் கூடி ஐந்து மாதங்களில் இதனை முடித்தோம்.

இது 'கற்றலினா' என்னும் கடல் விமானத்தின் மாதிரி. அளவு 72இல் 1 பங்கு. 104 அடி நீண்ட இறக்கை இங்கே 44 சென்ரிமீற்றராய்ச் சுருங்கியிருக்கின்றது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவியிலிருந்து இத்தகைய விமானமொன்றில் கனேடிய விமானி லெனாட் பேர்ச்சாலும் வேறு எண்மரும் சென்றனர். தெற்கே நெடுந்தூரத்தில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு, வானொலியில் செய்தி அனுப்பினர், சுட்டு வீழ்த்தப்பட்டனர். ஒன்பதின்மரில் அறுவரே உயிர் தப்பிச் சிறைப்பட்டனர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின்மேல் குண்டுகள் விழுந்தன. ஆயினும் எச்சரிக்கை முந்திக் கிடைத்தமையால், துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேற அவகாசம் உண்டாயிற்று. துறைமுகத்தின் அருகே வாழும் கொட்டாஞ்சேனையார் இதனை மறத்தலாகாது.

இனி எமது சங்கடத்தைச் சொல்வோம். பெட்டியில் வந்தது, தரையிலும் இறங்கவல்ல சக்கரமுள்ள வகை. அன்று கொக்கலவிலிருந்து சென்றதோ நீரில் மட்டும் இறங்கும் வகை. "சக்கரம் இருக்கட்டும், யார் கண்டுபிடிக்கப் போகின்றார்கள்?" என்றனர் இருவர். "நாம் பெட்டியைச் செய்கின்றோமா, அந்த ஒன்பது பேர் சென்ற விமானத்தைச் செய்கின்றோமா?" என்றனர் மற்றைய இருவர். வாக்குவாதம் முற்றி, இரண்டு ஞாயிறுகள் நாம் கூடவேயில்லை. வேலை அத்தோடு நின்றுவிடுமோ என அஞ்சினோம்.

மூன்றாம் ஞாயிறு, சக்கரம் வேண்டும் என்றவரே சக்கரக் குழிகளை அடைக்கப் பிளாஸ்டிக் தகடு வெட்டிக் கொண்டுவந்தார்! குழிகளை மூடிப் புட்டி பூசினோம். புட்டி காயும்போது சுருங்கிப் பள்ளம் விழும். மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, மூன்றாம் முறையே சமமாயிற்று.

இறக்கை மற்றொரு சோதனை. அது உடலோடு ஒட்டாமல், நடுவே ஒரு தூணின்மேல் உயர்ந்து நிற்பது. முதன்முறை ஒருபுறம் சாய்ந்துவிட்டது. பசை இறுகுமுன் கழற்றி, இரு முனைகளுக்கும் அடியில் புத்தகங்களைச் சம உயரத்தில் அடுக்கி, ஓர் இரவு அசையாது வைத்தோம். பக்கத்திலுள்ள கண்ணாடிக் குமிழ் ஒன்றுக்குத் தவறான பசையை இட்டதனால் ஆவி படிந்து மங்கிற்று. துடைத்தும் முற்றாகத் தெளியவில்லை. அதனை மறைக்காது உங்கள் பக்கமே திருப்பி வைத்திருக்கின்றோம்.

நண்பர்களே, பிறர் காணமாட்டார் என்று விடும் பிழையை நாம் தினமும் காண்போம். அடியில் அடைத்த குழிகள் எங்கே என்று இப்போது தேடிப் பாருங்கள். உங்களுக்கு அகப்படாவிட்டால், அதுவே எமக்குப் பரிசு.