பகலில் இசை, இரவில் வானம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் யான் மெட்ரிகுலேஷனுக்கு மேல் பயின்றவன் அல்லன். ஆயினும் ஓர் இசையாசிரியரின் வரலாற்றை உங்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

ஜெர்மனியின் ஹானோவர் நகரில், படைப்பிரிவில் இசைக்கருவி வாசித்த ஒருவரின் மகனாய் 1738-இல் பிறந்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1757-இல் இங்கிலாந்து சென்று, பின்னர்ப் பாத் நகரத்து ஆலயமொன்றில் ஆர்கன் வாசிப்பவராய் அமர்ந்தார். பகலெல்லாம் மாணவர்க்கு இசை கற்பித்தவர், இரவில் கணிதமும் வானியலும் தாமே பயின்றார். பெரிய தொலைநோக்கியை விலைக்கு வாங்க இயலாமையால், செம்பும் வெள்ளீயமும் உருக்கி, அதற்குரிய ஆடிகளைத் தம் கையாலேயே வார்த்து மெருகிட்டார்.

1772-இல் தங்கை கரோலினைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். தாயோ, அவரை வீட்டு வேலைக்கே உரியவராய் நிறுத்திக்கொள்ள விரும்பினார். வேறு பணிப்பெண் அமர்த்தப் பொருள் தருவதாய் ஹெர்ஷல் ஒப்பிய பின்னரே அனுப்ப இசைந்தார். தங்கைக்குப் பாட்டும் கணக்கும் அண்ணனே கற்பித்தார். ஒருமுறை அவர் பதினாறு மணி நேரம் கையெடாமல் ஆடியை மெருகிட்டபோது, கரோலின் அருகிருந்து உணவை ஊட்டினார்.

1781 மார்ச் 13 இரவு, வீட்டுத் தோட்டத்தில் நின்று வானை நோக்கிய ஹெர்ஷல், புதியதொரு பொருளைக் கண்டார். வால்மீன் என்றே முதலில் எண்ணினார். சனிக்கும் அப்பாலுள்ள கோள் அஃது என்பது பின்னரே தெளிவாயிற்று. யுரேனஸ் என்று நாம் வழங்குவது அதுவே. மறு ஆண்டு மன்னர் 200 பவுன் ஆண்டூதியம் அளிக்க, இசைத்தொழிலை விடுத்தார். 1785-இல், விண்மீன்களைப் பகுதி பகுதியாய் எண்ணிப் பால்வீதியின் வடிவைப் படமாய் வரைந்து வெளியிட்டார். இரவில் அவர் சொல்லச் சொல்லக் குறித்து, பகலில் கணக்கிட்டு ஒழுங்குசெய்தவர் கரோலின். அவரும் எட்டு வால்மீன்களைக் கண்டறிந்தார்; 1787 முதல் 50 பவுன் அரச ஊதியம் பெற்றார்.

அன்பர்களே! யான் தேர்வுக்குப் படித்த நாளில், இரவில் தேநீர் வைத்துத் தந்தவள் என் தங்கை. என்னிலும் விரைவாய்க் கணக்குப் போடுவாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பை வீட்டார் நிறுத்தியபோது யான் வாய் திறக்கவில்லை. இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் அம்மௌனம் என்னை உறுத்துகின்றது.

நம் குடியிருப்பிலுள்ள தந்தையரும் தமையன்மாரும் அலுவல் முடிந்து வீடு திரும்பியதும், பெண்மக்களைக் கணக்குப் புத்தகத்துடன் அருகில் அமர்த்திக்கொள்ளுமாறு வேண்டி அமைகின்றேன்.