அப்பாவோட குதிரை வாத்தியார்

இன்னைக்கு எங்க அப்பா குதிரை ஏறக் கத்துக்கிட்ட கதையைச் சொல்லப்போறேன். ஏதோ பண்ணையார் வீட்டுக் கதைன்னு நினைச்சுடாதீங்க. அப்பா செங்கல்பட்டுல ஒரு பள்ளிக்கூடத்துல வரலாறு வாத்தியார். எங்க வீட்டுல இருந்த ஒரே வாகனம் சைக்கிள். இது எண்பதுகளோட கடைசியில நடந்தது. எனக்கு அப்போ பத்து வயசு.

அப்பா பாடம் எடுத்தா வகுப்பே போர்க்களமா மாறிடும்னு சொல்வாங்க. அவர் கையில பிரம்பும் இருக்கும், அதுவும் ஒரு காரணம். ஒருநாள் செஞ்சி தேசிங்கு ராஜாவைப் பத்திப் பேசியிருக்கார். தேசிங்கு, 1714-ல ஆற்காட்டு நவாபோட படையை எதிர்த்துச் செத்துப்போன இளைஞர். யாருக்கும் அடங்காத குதிரையை அவர் அடக்கினதா நாட்டுப்புறக் கதைப்பாடல் சொல்லுது. அப்பா அந்தக் குதிரையாவே மாறி மேடையில துள்ளிட்டிருக்கும்போது கடைசி பெஞ்சிலேருந்து ஒரு பையன் கேட்டிருக்கான்: “சார், நீங்க குதிரை ஏறியிருக்கீங்களா?”

வகுப்பே சிரிச்சிருக்கு. அப்பா அவனை அடிக்கல. அடிச்சிருந்தா விஷயம் அங்கேயே முடிஞ்சிருக்கும். ராத்திரி சாப்பாட்டுல கையை வச்சுக்கிட்டே, “நான் குதிரை ஏறக் கத்துக்கப்போறேன்”னார். அம்மா ரசத்தை ஊத்திக்கிட்டே, “முதல்ல சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாத்துங்க”ன்னாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாப் போற பஸ்ஸைப் பிடிச்சு மாமல்லபுரம் போனோம். அவரோட மூக்குக்கண்ணாடி, செருப்பு, மணிபர்ஸ் மூணையும் பிடிச்சுக்க ஆள் வேணும்னு என்னையும் கூட்டிட்டுப் போனார். கடற்கரைக் கோயில் பக்கத்து மணல்ல, சுற்றுலா வர்றவங்களை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போற குதிரைகள் நின்னுட்டிருந்துச்சு. கழுத்துல மணி, முதுகுல ஜரிகைத் துணி. கயித்தைப் பிடிச்சிட்டிருந்த அண்ணன் அப்பாவைப் பார்த்ததும் பீடியைக் கீழ போட்டுட்டு, கட்டியிருந்த லுங்கியை இறக்கி விட்டார்.

“வணக்கம் சார். நான் உங்ககிட்ட எட்டாங்கிளாஸ் படிச்சேன் சார். அக்கா வீட்டுல தங்கி.”

அப்பாவுக்கு ஞாபகம் வரல. “எந்த வருஷம்?”

“பல்லவ ராஜாக்களை வரிசையாச் சொல்லத் தெரியாம முட்டி போட்டேன் பாருங்க சார், அந்த வருஷம். அதுக்கப்புறம் வரல.”

அதை அவர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அப்பா கடலைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். குதிரை மட்டும்தான் அந்த நேரத்துல இயல்பா இருந்துச்சு.

பாடம் ஆரம்பிச்சுது. அங்கவடியில இடது காலை வைக்கணும், பிடரி மயிரைப் பிடிச்சுக்கிட்டு எம்பணும். அப்பா இடது காலை வச்சதுமே என் பக்கம் திரும்பி, “ஏன் இடது பக்கத்துலேருந்து ஏறணும் தெரியுமா? போர்வீரனுக்கு வாள் இடது இடுப்புல தொங்கும். வலது பக்கமா ஏறினா...”ன்னு விளக்க ஆரம்பிச்சார். குதிரைக்கு வரலாற்றுல ஆர்வம் இல்ல. அது பாட்டுக்கு நடந்துச்சு. ஒரு கால் அங்கவடியில, இன்னொரு கால் மணல்லன்னு அப்பா நொண்டியடிச்சுக்கிட்டே தண்ணி வரைக்கும் கூடப் போனார். சுண்டல் விக்கிறவர் கூடையை இறக்கி வச்சுட்டு நின்னு பார்த்தார்.

மேல ஏறினப்புறமும் சுலபமா இல்ல. அப்பா தொடையை இறுக்குவார், குதிரை வேகமாப் போகும். பயந்து இன்னும் இறுக்குவார், இன்னும் வேகமாப் போகும். அண்ணன் பக்கத்துலயே ஓடி வருவார். “இறுக்காதீங்க சார். நீங்க பயந்தா அதுக்கும் பயம் வந்துரும். கீழ பாக்காதீங்க சார், கீழ பாத்தா கீழதான் போவீங்க.” சொன்ன மாதிரியே அப்பா கீழ போனார். எழுந்து மணலைத் தட்டிக்கிட்டே என்கிட்ட சொன்னார்: “அரவிந்தரே ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வுல தேறிட்டு, குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாததால 1892-ல அந்த வேலையை விட்டவர்தான்.” இதே கடலோரமா தெற்கே போனா அரவிந்தர் வாழ்ந்த பாண்டிச்சேரிதான். அங்கேயே போய்ச் சேர்ந்துடலாமான்னு கூட அப்பா யோசிச்சிருப்பார்.

அண்ணன் அவரை உட்கார விடல. “உடனே ஏறிடணும் சார். இல்லன்னா அந்த பயம் உங்ககிட்டயும் தங்கும், குதிரைகிட்டயும் தங்கும்.” குரலை ஒரு தடவை கூட உசத்தல. ஒவ்வொரு தப்புக்கும் அப்பா தன்னையறியாம தோளைக் குறுக்கிக்கிட்டு அண்ணன் முகத்தைப் பார்ப்பார். திட்டு வருமான்னு எதிர்பார்க்கிற பையனோட முகம் அது. நான் அதைக் கண்ணாடியில பார்த்திருக்கேன், அப்பாகிட்ட பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை அவரால உட்கார முடியல. நாள் முழுக்க நின்னுக்கிட்டே பாடம் நடத்தினார். இன்ஸ்பெக்‌ஷன் வருதுன்னு நினைச்சு பக்கத்து வகுப்பு வாத்தியாரும் நின்னுட்டாராம்.

மூணாவது ஞாயித்துக்கிழமை, பாடம் முடிஞ்சு மூணு பேரும் சுண்டல் சாப்பிட்டோம். அப்பா பழைய குதிரை வியாபாரத்தைப் பத்தி ஆரம்பிச்சார். பெரும்பாணாற்றுப்படையில நீர்ப்பெயற்றுன்னு ஒரு துறைமுகம் வருது, அங்க கப்பல்ல வெள்ளைப் பிடரிக் குதிரைகள் வந்து இறங்கினதா சொல்லுது, அந்தத் துறைமுகம் இந்த மாமல்லபுரம்தான்னு கருதுற அறிஞர்களும் உண்டுன்னு சொன்னார். மார்க்கோ போலோவையும் விடல. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த அவர், வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை வாங்கியும், பார்த்துக்கத் தெரியாம பெரும்பாலும் செத்துப்போகுதுன்னு எழுதியிருக்கார். அதுக்குச் சோறும் கறியும் சமைச்சுப் போட்டாங்களாம்.

அண்ணன் மெல்லறதை நிறுத்திட்டார். “சோறா? வயித்துவலி வந்தே செத்திருக்கும் சார். புல்லும் ஊறவச்ச கொள்ளும்தான் சார் குதிரைக்கு.” கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துட்டு, “கப்பல்லேருந்து எப்படி சார் கரைக்குக் கொண்டாந்திருப்பாங்க? இங்க கரை ஓரம் ஆழம் கிடையாதே, பெரிய கப்பல் கிட்ட வராது. தண்ணியில இறக்கி விட்டிருப்பாங்க. குதிரை நல்லா நீந்தும்.”

அப்பா இருபது வருஷமா அந்தப் பாடத்தை எடுத்தவர். குதிரை கரைக்கு எப்படி வந்திருக்கும்னு அவர் ஒரு தடவை கூட யோசிச்சதில்ல. சட்டைப் பையிலேருந்து பேனாவை எடுத்து, சுண்டல் பொட்டலத்தைப் பிரிச்சு அதுலயே குறிச்சுக்கிட்டார்.

எட்டாவது வாரம் அண்ணன் கயித்தை விட்டுட்டார். ஈர மணல் மேல, கோயில் வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார் அப்பா. தனியா. நிமிர்ந்து. இறங்கினதும் காசு எடுத்தார். அண்ணன் வாங்கல. “வாத்தியார்கிட்ட எப்படி சார் வாங்கறது?”

“இங்க யார் வாத்தியார்?”னு அப்பா கேட்டார். காசை அவர் சட்டைப் பையில திணிச்சுட்டு, ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். அண்ணன் பதறிப்போய் ரெண்டடி பின்னால போனார்.

மறுநாள் வகுப்புல அந்தக் கடைசி பெஞ்ச் பையனை எழுப்பி, “ஏறியிருக்கேன். இறங்கியும் இருக்கேன், ரெண்டு விதமா”ன்னு சொன்னாராம். அன்னைக்கு நடத்தின பாடம், குதிரை கடல்ல நீந்திக் கரைக்கு வந்திருக்கலாம்ங்கிறது. “இது புத்தகத்துல இல்ல. என் வாத்தியார் சொன்னார்.”

பிரம்பைப் பத்தி அவர் எதுவும் சொல்லல. கொஞ்ச நாள் கழிச்சு எங்க கொல்லையில அம்மா நட்டிருந்த அவரைக் கொடிக்குப் பக்கத்துல அது ஊணியிருந்துச்சு. அந்த வருஷம் அவரைக்காய் நல்லாக் காய்ச்சுது.

அடுத்த வாரம் பேசலாம்.